இளநீரில் விஷம் வைத்தது டாக்டர்தான்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவள் நான்தான். ‘நான்’ என்று எழுதக் கை கூசுகிறது. அதனால் கதைக்குள் என் பெயர் குஞ்சம்மாள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘பச்சைக் கடல் சூழ்ந்த தீவில், தென்னந்தோப்பு பங்களாவில், பெரும் பணக்காரர் ஒருவர்...’

வேண்டாம். நான் கடலைப் பார்த்ததே டிவியில்தான்.

குன்னத்தில் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்தெடுக்கும் கொட்டகை. ஆறு பெண்கள். தமிழில் டப்பிங் செய்த தொடர் ஒன்று இரவுதோறும் வீட்டு டிவியில் ஓடிக்கொண்டிருந்தது: ஒரு தீவு, நாளுக்கு ஒரு கொலை. முந்தின நாள் பார்த்ததைக் குஞ்சம்மாள் காலையில் சொல்வாள். கேட்டபடியே மற்றவர்களின் கை ஓடும்.

“அந்தப் பணக்காரரு இளநியக் குடிச்சாரு, அப்படியே சாஞ்சுட்டாரு. கோட்டு போட்ட போலீசு வந்தாரு.”

“அந்த வேக்காட்டுல கோட்டு எதுக்கு பெரியம்மா? கொலைகாரனப் புடிக்கிறதுக்குள்ள அவரு வெந்துருவாரு” என்றாள் பிரவீணா.

எல்லோரும் சிரித்தார்கள். அம்சவள்ளியும் சிரித்தாள்.

3

அம்சவள்ளியைப் பற்றி எழுதிய மூன்று பக்கங்களைக் கிழித்துவிட்டேன். இவ்வளவு போதும்: அவள் புருஷன் பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துச் செத்தான். அவனாகத்தான் குடித்தான். அவள்தான் சோற்றில் கலந்தாள் என்று ஊர் பேசியது. எட்டு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தவள் அன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தாள்.

அந்த எபிசோடில் இளநீரில் விஷம் வைத்தது செத்தவரின் மனைவி.

பாதிக் கதை சொன்ன பிறகுதான் குஞ்சம்மாளுக்கு அது உறைத்தது. சிரிக்கிற இந்த முகம் திரும்பவும் கதவைச் சாத்திக்கொண்டு

[இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.]

4

“சொல்லுங்க பெரியம்மா, யாருதான் வச்சது?” அம்சவள்ளியே கேட்டாள்.

“டாக்டரு.”

கத்திகள் ஒரு நொடி நின்றன. நந்தினி நிமிர்ந்து பார்த்தாள். அவளும் அந்த எபிசோடைப் பார்த்திருக்கிறாள் என்று முகமே சொன்னது. குஞ்சம்மாள் குனிந்து அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

“ஆமா, டாக்டருதான். நானும் பாத்தேன்ல” என்றாள் நந்தினி. “அந்தாளு முழியே சரியில்ல.”

“எங்க வூட்லயும் பாத்தோம். பொண்டாட்டிதான் பாவம்” என்றாள் பிரவீணா.

[‘எல்லார் கண்ணும் கலங்கியது’ என்று எழுதி அடித்துவிட்டேன். வெங்காயக் கொட்டகையில் அது தினமும் நடப்பதுதான்.]

5

இத்தனை வருஷம் கதை சொல்லியும், கேட்கிறவர்கள் கதையைத் தாங்கிப் பிடிப்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பொய் என்னுடையது, காப்பாற்றியவர்கள் அவர்கள். புண்ணியவதிகள். உங்களையும் அவர்கள் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முடிவுகள் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் அம்சவள்ளிக்கு எதுவும் தெரியாது. மற்றொன்றில், சாயங்காலம் கை கழுவும்போது, “எங்க வூட்லயும் டிவி இருக்கு பெரியம்மா” என்கிறாள். இரண்டிலும் மறுநாள் எல்லோருக்கும் முந்தி வந்து சாக்கு விரிக்கிறாள். குஞ்சம்மாளுக்கும் பக்கத்திலேயே ஒன்று.

பிடித்ததை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் யாராவது கேட்டால், விஷம் வைத்தது டாக்டர் என்றே சொல்லுங்கள்.