பத்தாவது டிரங்க் கால்

நான் எழுதினதுல ஒரு வரி பொய் கிடையாது. அதை முதல்லயே சொல்லிப்புடுறேன்.

எழுபத்தெட்டுல போடியில டெலிபோன் எக்சேஞ்சுல தற்காலிக ஆபரேட்டரா இருந்தேன். மலை மேல ஏலக்கா எஸ்டேட்டுகளுக்கு ஒரே லைன். வெளியூருக்குப் பேசுற டிரங்க் காலைக் காலையில புக் பண்ணினா சாயங்காலந்தான் கிடைக்கும். ரெண்டாவது லைன் போடலாமான்னு பார்க்க மேலாபீசுலேருந்து உத்தரவு வந்துச்சு. ஒரு மாசத்துக்கு, பத்தாவதா வர்ற ஒவ்வொரு டிரங்க் காலையும் நோட்டுல எழுதணும். எங்கேருந்து, எங்கே, எத்தனை நிமிஷம். பேச்சைக் கேக்க வேண்டாம். பத்துல ஒண்ணைப் பார்த்தா மிச்ச ஒம்பதும் தெரிஞ்சிருமாம். மலைக்கு லைன் வந்தா என் வேலையும் நிரந்தரம். மூணு வருசமா அதுக்குத்தான் ஏங்கிக் கிடந்தேன்.

என் வாய் சும்மா இருந்துச்சா? ஏலக்கா யாவாரி கோட்டைச்சாமி அண்ணன் மலைக்குப் பேச லைனுக்கு வந்தப்ப, "அண்ணே, இது பத்தாவது கால், எழுதிக்கிறேன்"னு சொல்லித் தொலைச்சேன்.

"எழுதுறியா? வேணாம் செல்லக்கிளி. எனக்கு அவசரமில்ல, பதினொண்ணாவதாப் போடு தாயி."

துண்டுக்குள்ள விரலைப் புடிச்சு விலை பேசுற ஆளுக. பக்கத்துல நிக்கிறவனுக்கே தெரியக்கூடாதும்பாங்க, கவர்மெண்டு நோட்டுல ஏற விடுவாங்களா? பேச்சை எழுதலண்ணே, ஊரைத்தான் எழுதுறேன்னு தொண்டைத்தண்ணி வத்தச் சொன்னேன். ஒருத்தரும் நம்பல. மறுநாள்லேருந்து யாவாரிக எல்லாரும் முதல்ல கேட்டது, "இது எத்தனாவது?"

பத்தாவதா ஒருத்தர் பேசினாத்தானே பதினொண்ணு வரும்? அதுக்கும் ஆள் புடிச்சாங்க. போடியில வீட்டுலயே போன் வச்சிருந்த எங்க மாயக்கா மதினி. அவுக மக ராக்கு மலைக்குக் கீழ, சிலமலைங்கிற ஊர்ல வாக்கப்பட்டிருந்தா. அந்த ஊர்லயே அவ வீட்டு ரைஸ்மில்லுல மட்டுந்தான் போன். "வெரசா ஒரு கால் பேசிருங்க"ன்னு யாவாரிக மதினி வீட்டுக்கு ஆள் விட்டுக் கெஞ்சினாங்க. மதினிக்குப் பெருமை பிடிபடல. தினம் நாலு தடவை ராக்கைக் கூப்பிட்டு என்ன குழம்புன்னு விசாரிச்சாக. நான் ஒண்ணு விடாம எழுதினேன்.

ஆறு மாசத்துல பதில் வந்துச்சு. போடியிலேருந்து மலைக்கு யாரும் பேசுறதே இல்லையாம், எல்லாப் பேச்சும் சிலமலைக்குத்தானாம். அதனால சிலமலைக்குத் தனி லைன், சின்னதா ஒரு எக்சேஞ்சு, ஒரு நிரந்தர ஆபரேட்டர்.

அந்த ஆபரேட்டர் நாந்தான். கேட்டது கிடைச்சிருச்சு, ஆனா அழுகையா வந்துச்சு. கோட்டைச்சாமி அண்ணன் பஸ்ஸ்டாண்டுல பார்த்து, "மலைக்கு லைன் கேட்டா சிலமலைக்குக் குடுத்திருக்கான். பேர்ல மலை இருக்குன்னு குடுத்துட்டானோ?"ன்னாரு. நான் சிலமலை பஸ்சு ஏறிட்டேன்.

சிலமலையில ஒரு வாரமா மணியே அடிக்கல. மில்லுக்கு நடந்துபோயி ராக்குகிட்ட என்னன்னு கேட்டேன்.

"எங்காத்தாகூட நான் பேசுறதில்ல அத்தே. தினம் நாலு தடவை என்ன குழம்புன்னு கேட்டா யாருக்குத்தான் கோவம் வராது? போனைக் கழட்டி வச்சுட்டேன்."

திரும்பி வந்தா மேலேருந்து புது நோட்டு வந்து கிடக்கு. இங்கயும் பத்தாவது காலை எழுதணுமாம். ஒண்ணும் இல்லன்னா ஆபரேட்டர் போஸ்ட்டை எடுத்துருவாங்களாம்.

ஒயரைச் சொருகி நானே போடிக்குப் போட்டேன். மதினிதான் எடுத்தாக.

"மதினி, நான் செல்லக்கிளி. இன்னிக்கு என்ன குழம்பு?"