பறிமுதல் மீன்கள்

கரடிப்பாதம் ஏரியின் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது. வரைபடத்தில்தான் தெரியும். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓஜிப்வே என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கென்று விட்டுவைத்த நிலமும் நீரும். அந்தப் பக்கம் மாநில அரசுடையது. உறைந்த ஏரியில் துளை போட்டு ஈட்டியால் மீன் குத்தினால் இந்தப் பக்கம் அது சாப்பாடு, அந்தப் பக்கம் குற்றம்.

லவீனா ஸ்டோன்க்ரோவுக்குப் பிடித்த இடம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. ஓடை வந்து விழும் முனை அது. ஏரி முழுக்க இறுகிக் கிடந்தாலும் அங்கே அடிநீர் ஓடிக்கொண்டிருக்கும். சின்ன மீன்கள் கூடும். அவற்றைத் தேடி மஸ்கி வரும். முதலை மாதிரி தாடையும் ஆளின் கால் நீளமும் உள்ள மீன். அதற்காக லவீனா எதையும் விடுவாள். வாரநாளில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள். சனிக்கிழமை விடிந்தால் ஈட்டியோடு ஏரிமேல் இருப்பாள்.

துளைக்குப் பக்கத்தில் தேவதாருக் கிளைகளைப் பரப்பிக் குப்புறப் படுத்துக்கொண்டு, தலைமேல் கனத்த போர்வையை இழுத்து விட்டுக்கொள்வாள். உள்ளே இருட்டு. கீழே தண்ணீர் மட்டும் விளக்கேற்றியதுபோல் பச்சையாக ஒளிரும். அடித்தரையின் கூழாங்கல்கூடத் தெரியும். இடதுகையில் ஒரு குச்சி, குச்சியில் நூல், நூலின் நுனியில் மரமீன். குச்சியை மெல்லச் சுண்டினால் மரமீன் வட்டமடித்து நீந்தும். அதைத் தின்ன மஸ்கி வரும்போது வலதுகை ஈட்டி இறங்கும்.

மரமீனை அவளே செதுக்குவாள். தேவதாருக் கட்டையில் உடம்பு. காபி டப்பாத் தகரத்தில் துடுப்பு. வயிற்றைக் குடைந்து ஈயத்தை உருக்கி ஊற்றி, குளியல் தொட்டியில் விட்டுப் பார்ப்பாள். தலை தொங்கினால் வாலருகே கொஞ்சம் ஈயம். சாய்ந்தால் விலாவில் ஒரு சீவல். நீந்தும்போது அதற்கு உயிர் இருப்பதாக அவளே நம்ப வேண்டும். அதுவரை விடமாட்டாள்.

முதல்முறை ஹால்வர்சன் வந்தது ஒரு ஜனவரிச் சனிக்கிழமை. மீன்வளத் துறைக் காவலர். அவருடைய மகள் லவீனாவின் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.

"லவீனா, வெளிய வாங்க."

"மெதுவா பேசுங்க. மீன் ஓடிடும்."

"இது மாநிலத் தண்ணி. உங்களுக்குத் தெரியாததா?"

போர்வைக்குள்ளிருந்தே சொன்னாள். "எங்க முப்பாட்டனுங்க சர்க்காருக்கு எழுதிக் குடுத்தது நிலத்தை. மீன் புடிக்கிறதை எழுதிக் குடுக்கல. ஒப்பந்தத்துல அப்படியே இருக்கு, போய்ப் படிச்சுப் பாருங்க."

"அதைக் கோர்ட்டுல சொல்லுங்க. என் வேலையை நான் பார்க்கணும்."

ஈட்டியை எடுத்துக்கொண்டார். போர்வையையும் எடுத்துக்கொண்டார். சொட்டச் சொட்ட இருந்த மரமீனை, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். திங்கள்கிழமை காலை அவர் வீட்டு வாசலில் லவீனா வழக்கத்தைவிட நீளமாக ஹாரன் அடித்தாள்.

அந்த வாரமே இன்னொரு மீன் செதுக்க உட்கார்ந்துவிட்டாள். விறகு இறக்க வந்த எல்ராய் அதைப் பார்த்தான். அவளுடைய தாய்மாமன் மகன். முறைப்பையன் என்பதால் கேலிக்கு இருவருக்கும் லைசென்ஸ் தேவையில்லை.

"என்னடி, ஹால்வர்சன் வீட்டு அலமாரி இன்னும் நிறையலையா?"

"நிறையிற வரைக்கும் செய்வேன். உனக்கென்ன மச்சான், வயித்தெரிச்சலா?"

"செய்யிறதுதான் செய்யிறே, ஒரு விறகுக்கட்டைக்குக் கண்ணு வச்சுக் கொண்டு போயேன். எப்படியும் புடுங்கிட்டுத்தானே போகப் போறான்? அதுக்குப் போய் செதில் செதிலா வரைஞ்சுக்கிட்டு!"

லவீனா கத்தியைக் கீழே வைத்தாள். "விறகுக்கட்டைக்கு மஸ்கி வருமா? நான் அந்தாளுகிட்ட மீனைக் குடுக்கவா போறேன்? மீன் புடிக்கப் போறேன்டா. என்னையும் உன்னை மாதிரி நெனைச்சியா, போன வருஷம் சொந்த பூட்ஸையே ஈட்டியால குத்துனவனே?"

"பூட்ஸும் பெரிய சைஸுதான்," என்றான் எல்ராய்.

அடுத்த சனிக்கிழமையும் பறிமுதல். அதற்கடுத்ததும் அப்படியே, குளிர்காலம் முடியும்வரை. அதே முனை, அதே துளை, பட்டப்பகல். ஒளிந்துகொள்ளவே இல்லை. ஒருநாள் ஹால்வர்சன் தாமதமாக வந்தார். அதற்குள் ஒரு மஸ்கி பனிக்கட்டிமேல் கிடந்தது. அதையும் எடுத்துக்கொண்டார். "சமைச்சுத் தின்னுங்க, குப்பையில போட்டுடாதீங்க," என்று மட்டும் சொன்னாள் லவீனா.

ஒவ்வொரு மீனும் முந்தையதைவிட நன்றாக அமைந்தது. கோபத்தில் செதுக்கினால் கை நடுங்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி நடக்கவில்லை. கத்தி இன்னும் நிதானமாகத்தான் ஓடியது.

வழக்கு வந்தது. நீதிபதி அபராதம் விதித்தார். கட்ட முடியாது என்றாள். இரண்டு வாரம் சிறை. கத்தி கிடையாது. குளிக்கக் கொடுத்த சோப்புக் கட்டியை ஸ்பூன் காம்பால் சுரண்டி ஒரு குட்டி மீன் செய்தாள். காவலுக்கு இருந்தவர் அதையும் பறித்துக்கொண்டு போனார். வெளியே வந்து எல்ராயிடம் அதைச் சொன்னபோது அவன் லாரியின் ஸ்டியரிங்மேல் விழுந்து விழுந்து சிரித்தான். லவீனாவுக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சோப்பு மீனின் வால் நன்றாக வந்திருந்தது.

வழக்கு மேல்முறையீட்டுக்குப் போய், மறு குளிர்காலத்தின் நடுவில் மேல்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் செத்துப்போகவில்லை, கோட்டுக்கு அந்தப் பக்கமும் ஓஜிப்வே மக்கள் மீன் பிடிக்கலாம். மறுநாளே லவீனா ஹால்வர்சனின் அலுவலகத்தில் நின்றாள்.

ஈட்டிகள் வந்தன. போர்வைகள் வந்தன. மரமீன் மட்டும் இரண்டே இரண்டு வந்தது.

"மீதி எங்கே?"

"அலமாரியில இவ்வளவுதான் இருந்துச்சு."

"பனிக்கட்டி மாதிரி உருகிடுச்சா?"

ஹால்வர்சன் ஜன்னலைப் பார்த்தார். காதோரம் சிவந்திருந்தது. "எனக்குத் தெரியல, லவீனா."

தெரிந்தது எல்ராய்க்கு. ஏரிக்கரையில் பெக்மேன் நடத்தும் விடுதிக்கு விறகு இறக்கப் போனவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

"உன் மீனு ரெண்டு அங்க சுவத்துல தொங்குது! கீழே அட்டை வேற. 'பண்டைய செவ்விந்தியர் கைவேலை, செய்தவர் பெயர் தெரியவில்லை'ன்னு. ஏன்டி, நீ எப்படி பண்டையம் ஆனே? என்னைவிட ஒரு வயசு சின்னவதானே?"

லவீனா சிரிக்கவில்லை. "வண்டியை எடு."

அன்று வெள்ளிக்கிழமை. ஊரே பொரித்த மீன் சாப்பிட விடுதியில் கூடியிருந்தது. அவள் உள்ளே நுழைந்ததும் பேச்சு அடங்கியது. தீர்ப்பு வந்த வாரம் அது. அவளைத் தெரியாதவர் அங்கே இல்லை. ஒரு காலி நாற்காலியைச் சுவர்வரை இழுத்துப் போட்டு, பூட்ஸோடு ஏறி, முதல் மீனைக் கொக்கியிலிருந்து கழற்றினாள்.

"ஏய்! கீழ இறங்கு!" கல்லாவிலிருந்து ஓடிவந்தார் பெக்மேன்.

"இறங்கத்தான் போறேன். இதை எடுத்துக்கிட்டு."

"அது பழங்காலத்துப் பொருள்! யாரு செஞ்சதுன்னே தெரியாது!"

"நான் செஞ்சது. போன பிப்ரவரில. இந்தா, துடுப்புக்குப் பின்னால காபி டப்பா எழுத்து இருக்கு பாரு. எங்க பாட்டனார் காலத்துல இந்தக் காபி வித்துச்சா?"

பின்மேஜையிலிருந்து ஒருவன் கத்தினான். "ஏரியை எடுத்துக்கிட்டீங்க, இப்ப சுவத்தையுமா?"

"ஏரி இருந்த எடத்துலதான் இருக்கு," என்றாள் லவீனா, திரும்பாமல். "நான் எடுத்துட்டுப் போனா உனக்குத் தெரியாதா?"

"ஷெரீஃபைக் கூப்பிடுறேன்," என்றார் பெக்மேன்.

"கூப்பிடு. கோர்ட்டுச் சாமான் உன் சுவத்துக்கு எப்படி வந்துச்சுன்னு நானும் அவர்கிட்ட கேக்கணும்."

பெக்மேன் போன் பக்கம் போகவில்லை. இரண்டாவது மீன் உயரத்தில், அடுப்புப் புகைபோக்கிக்கு மேலே தொங்கியது. நாற்காலியை அங்கே நகர்த்திப் போட்டு எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். எட்டவில்லை. விரல் நுனி வால் துடுப்பைத் தொட்டது, அவ்வளவுதான். யாரோ சிரித்தார்கள். லவீனா இறங்கினாள். இரண்டு நாற்காலிகளை இழுத்துவந்து ஒன்றன்மேல் ஒன்றை வைத்தாள்.

அப்போது மூலையில் மனைவி மகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஹால்வர்சன் எழுந்து வந்தார். நெட்டையான ஆள். கையை நீட்டி மீனைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். இந்தமுறை உள்ளங்கையில் வைத்துத்தான் கொடுத்தார்.

"நன்றியெல்லாம் சொல்ல மாட்டேன்," என்றாள்.

"வேண்டாம்." குரலைத் தாழ்த்தினார். "மீதி எங்க ஆபீஸ்காரங்க நாலஞ்சு பேர் வீட்டுல இருக்கு. ஒண்ணு நீதிபதி மேஜைல."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"ஆமா," என்றார் ஹால்வர்சன்.

லவீனா ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினாள். சிலர் உடனே எடுத்துக் கொடுத்தார்கள். ஒருத்தி, "குழந்தை இதை வச்சுத்தான் குளிக்குது," என்று இழுத்தாள். "எனக்கும் அதை வச்சு வேலை இருக்கு," என்றாள் லவீனா. நீதிபதி மட்டும் அகப்படவில்லை. ஓய்வு பெற்று, மேஜைச் சாமானோடு ஃபுளோரிடாவுக்குக் குடிபோய்விட்டார்.

"கடலோரத்துலயா?" என்றான் எல்ராய். "ஐயோ பாவம். உப்புத் தண்ணி அதுக்கு ஒத்துக்காதே!"

திரும்பி வந்த மீன்களின் வயிற்றில் அழியாத மையால் வழக்கு எண் எழுதியிருந்தது. தேய்த்து எடுத்துவிடலாம் என்றான் எல்ராய். "இருக்கட்டும். கீழ இருக்கிற மஸ்கிக்கு வயிறுதானே தெரியும்? படிச்சுட்டு வரட்டும்," என்றாள்.

அடுத்த குளிர்காலம் முனையில் அவளுக்கு முன்பே கூட்டம் நின்றது. முப்பது பேர் இருப்பார்கள். தீர்ப்பு பிடிக்காதவர்கள். நேற்று அவள் போட்டுவைத்த துளையில் ஓர் ஆள் மரக்கிளையும் குப்பையும் திணித்திருந்தான். லவீனா பத்தடி தள்ளிப் போய், கடப்பாரையால் புதுத் துளை இடிக்க ஆரம்பித்தாள். கூட வந்த எல்ராய் கவிழ்த்த வாளிமேல், அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"வீட்டுக்குப் போங்கடா!" என்று கத்தினார்கள். பனிக்கட்டித் துண்டுகள் பறந்து வந்தன. ஒன்று எல்ராயின் தோளில் பட்டது.

"மச்சான், இருக்கியா?" போர்வைக்குள்ளிருந்து குரல்.

"இருக்கேன். சீக்கிரம் குத்தித் தொலை."

உள்ளே சத்தம் மங்கலாகத்தான் கேட்டது. கீழே பச்சை வெளிச்சம். மரமீன் வட்டமடித்தது. ஒருமுறை நின்றது, மறுபடி சுழன்றது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, கூழாங்கற்களில் ஒரு பகுதி நகர்வதுபோல் இருந்தது. அது கல் இல்லை. மஸ்கி வந்து மரமீனின் முன் அசையாமல் நின்றது. லவீனா மூச்சை அடக்கினாள். மேலே முப்பது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். ஈட்டி இறங்கியது.

மீனைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் சுற்றிப் போகவில்லை. வண்டி கூட்டத்துக்குப் பின்னால் நின்றது; கூட்டத்தின் நடுவே நடந்தாள். கத்தல் தேய்ந்தது. அவர்களும் மீன் பிடிப்பவர்கள்தான். கண் எல்லாம் மீன்மேல் இருந்தது. தாடிக்காரன் ஒருவன் தன்னை மறந்து கேட்டுவிட்டான்.

"எம்மாடி! எதைப் போட்டு வரவழைச்சே?"

"வழி விடு," என்றாள் லவீனா.

விட்டான்.

அன்று மாலை அவள் வீட்டில் அடுப்பு அணையவில்லை. காட்டரிசிக் கஞ்சியும் மீனும் சாப்பிடச் சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்ராய் மூன்றுமுறை தட்டை நீட்டினான். தான் மட்டும் காவலுக்கு உட்காராவிட்டால் அந்த மீனே வந்திருக்காது என்று வாசலில் புதிதாக யார் வந்தாலும் சொல்லிக்கொண்டிருந்தான். லவீனா மறுக்கவில்லை.