நாற்பத்தெட்டில் நின்ற முள்

கெங்கம்மாளின் சாமை உமி நீக்கும் மிஷின் ஓடினால் மலை உச்சியில் இருக்கும் வனத்துறை வயர்லெஸ் நிலையத்தில் பேச்சே கேட்காது, கரகரவென்று இரைச்சல்தான். புகார் போனது, சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டு விழுந்தது. இரைச்சலை அளந்து, பூட்டைத் திறக்கலாமா என்று சொல்லத்தான் திருப்பத்தூரிலிருந்து ஜீப்பில் மீட்டரோடு வந்திருந்தான் கண்ணாயிரம்.

வந்த வேலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற ஆள் இல்லை அவன். மோட்டாரைப் பிரித்து, தேய்ந்துபோய்த் தீப்பொறி கக்கிய கார்பன் துண்டை மாற்றினான். இரைச்சலை அடக்கக் கண்டென்சர் ஒன்றும் கட்டினான். அந்த மிஷினை விட்டால் கெங்கம்மாளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. அவள் அடுப்பு எரிவதே அபூர்வமாகிவிட்டது என்று கேட்டதும் அவனுக்கு மனசு கேட்கவில்லை.

தன்னிடம் இருந்த சாவியால் பூட்டைத் திறந்து, மிஷினை ஓடவிட்டு மறுபடி அளந்தான். இரைச்சல் ஐம்பதைத் தாண்டக் கூடாது. காலையில் அறுபதைக் காட்டிய முள் இப்போது நாற்பத்தெட்டில் நின்றது.

"இன்னா சார் சொல்லுது?"

"கொறஞ்சிருக்குதும்மா."

கெங்கம்மாள் வாசலுக்கு ஓடி, சாமை மூட்டைகளை எடுத்துவரச் சொல்லிக் கூவினாள்.

அவசரப்பட்டுவிட்டாள், பாவம். மீட்டர் சொல்வது வேதவாக்கு இல்லை. அதைச் சரிபார்த்து மூன்று வருஷமாகிறது. மீட்டரின் ஏரியலை ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்கு நகர்த்தினாலே முள் மாறுகிறது. கண்ணாயிரம் கிட்டே போய் நின்றாலும் மாறுகிறது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஐந்து கூடவோ குறையவோ இருக்கலாம். நிஜ இரைச்சல் நாற்பத்துமூன்றா ஐம்பத்துமூன்றா, யார் கண்டது? அந்தச் சந்தேகத்தையும் கூட்டி ஐம்பதுக்குள் அடங்கினால்தான் திறக்கலாம் என்பது ஆபீஸ் சட்டம். ஐந்தை இரண்டு என்று எழுதினால் ஐம்பதில் அடங்கிவிடும், எழுதிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. நாளைக்குக் காட்டில் தீ என்று உச்சியிலிருந்து கூப்பிட்டு, அது கேட்காமல் போனால்? எழுதவில்லை.

"நல்லா கீதா, இல்லியா? ஒண்ணு சொல்லுங்க சார்."

"தெரியலம்மா. மீட்டர் மேலயே நம்பிக்கை இல்ல. பூட்டு இருக்கட்டும்."

யாருடைய மீட்டர், யார் தலையில் விடிகிறது! அதைச் சரிபார்க்க அனுப்பச் சொல்லி அவன் கெஞ்சாத நாளில்லை. இருப்பதே இது ஒன்றுதான், அனுப்ப முடியாது என்று மேலதிகாரிகள் கையை விரித்துவிட்டார்கள்.

மூட்டையோடு வந்த பெண்கள் அப்படியே திரும்பிப் போனார்கள். கெங்கம்மாள் ஜீப் வரைக்கும் வந்தாள்.

"மீட்டர சரி பண்ணி எடுத்தாந்துடுவீங்க இல்ல? அதுவரைக்கும் பெல்ட்ட கழட்டி வூட்டுல வச்சிக்கிறேங்க. இங்கியே வுட்டா எலி கடிச்சிடும்."

மீட்டரை அனுப்பப் போவதில்லை என்று தெரிந்தும் கண்ணாயிரம் சரி என்று தலையை ஆட்டினான். அவள் சந்தோஷமாகப் பெல்ட்டைக் கழற்றப் போனாள்.