மகுடேஸ்வரன் நிறுத்தி வைத்த குடமுழுக்கு

எங்கள் முதலாளி மகுடேஸ்வரனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் எதுவுமே கிடையாது. நம்பாவிட்டால் அவரையே கேளுங்கள், சொல்வார். பதினைந்து வருடமாக அவருடைய நிட்டிங் கம்பெனியில் மெஷின் மாஸ்டராகக் குப்பை கொட்டுகிறேன். அந்த மண்டைக்குள் இருப்பது பஞ்சுதான் என்று முதல் வருடமே தெரிந்துபோயிற்று.

போன வெள்ளிக்கிழமை புது மெஷின் ஓட்ட நாள் குறித்திருந்தார். அன்றைக்குத்தான் கொமரலிங்கம் பக்கம் அவர்களுடைய குலதெய்வக் கோயிலில் குடமுழுக்கு. அங்கே கலசத்தில் தண்ணீர் விழுகிற அதே நொடியில் இங்கே சுவிட்ச் போட வேண்டுமாம். குடும்பத்தைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, குடமுழுக்கை நேரடியாக ஒலிபரப்பிய பங்காளிகளின் இன்டர்நெட் ரேடியோவைத் தன்னிடமிருந்த இரண்டு செல்போன்களில் ஒன்றில் திறந்து, ஸ்பீக்கரில் மாட்டிவிட்டார். பத்தரைக்கு ராகு காலம். பத்தேகாலுக்குள் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள் என்று பத்திரிகையிலேயே போட்டிருந்தது.

சுவிட்ச் போடப் பழனிமுத்துவை நிறுத்தியிருந்தார். எட்டு வருடமாகத் துணி ரோல் சுமக்கும் ஹெல்பர். கைராசிக்காரன் என்று பெயர் வாங்கியவன். இந்த மெஷின் நல்லபடியாக ஓடினால் மறுநாளிலிருந்து அதற்கு அவன்தான் ஆபரேட்டர் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்திருந்தான். 

ரேடியோவில் மந்திரம் ஆரம்பித்ததும் முதலாளியின் இன்னொரு போன் அடித்தது. சட்டென்று ரேடியோவில் பாஸ் பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டுப் பேசப் போனார். பத்து நிமிடம். திரும்பி வந்து அமுக்கியதும் விட்ட வார்த்தையிலிருந்து மந்திரம் தொடர்ந்தது.

"பாத்தீங்களா? ஒரு எழுத்து தப்பலீங்க. நமக்காக நிறுத்தி வெச்சிருக்குது!"

அட மடையா! ரேடியோதான் நின்றது, கோயில் நிற்குமா? அங்கிருந்து வந்த சத்தத்தை எல்லாம் போன் பிடித்து உள்ளே சேர்த்து வைத்திருந்தது. இப்போது கேட்பது பத்து நிமிடப் பழசு. ரேடியோவை முழுசாக மூடித் திரும்பத் திறந்தால்தான் இந்த நேரத்துச் சத்தம் வரும். ஆறாவது படிக்கும் என் மகளுக்குக் கூடத் தெரியும்.

அடுத்த போனுக்கு ஆறு நிமிடம், அதற்கடுத்ததற்குப் பத்து. நடுவில் சிக்னல் இல்லாமல் வட்டம் வேறு சுற்றியது. யாரோ கடிகாரத்தைப் பார்த்ததற்கு, "கடிகாரம் முன்னப் பின்ன ஓடுமுங்க. கோயிலு ஓடுமா?" என்று அதட்டினார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

பத்து முப்பத்தெட்டுக்கு ஸ்பீக்கரில் மேளம் முழங்கியது. "போடு கண்ணு!" என்று முதலாளி கத்தினார். பழனிமுத்து கண்ணை மூடிக் கும்பிட்டு சுவிட்சைப் போட்டான். மெஷின் சுற்றியது. எல்லோரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன்.

உடனே முதலாளியின் சம்சாரம் சுபஸ்ரீ போனில் வந்தார். அவர் பேசினால் பக்கத்து கம்பெனிக்கே கேட்கும்.

"ஏனுங்க, தீர்த்தம் தெளிச்சு அரை மணி நேரமாச்சு. பந்தியில உக்காந்துட்டோம். அங்க மெஷின் ஓடுதுங்களா?"

முதலாளி அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. ஆகா, இதைப் பார்க்கத்தானே காத்திருந்தேன்! அந்த நேரம் பார்த்து மெஷினில் நூல் அறுந்தது. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அறுந்துபோகிற நூல்தான்.

"உன்ற கையில ராசி இருக்குதுன்னு எவன்டா சொன்னான்?" என்று பழனிமுத்து மேல் பாய்ந்தார். "ராகு காலத்துல கொண்டுபோய் மெசினப் போட்டுட்டயே! இனி இந்தப் பக்கம் வந்தே, பாரு. ரோலு தூக்கறதுக்குத்தான்டா நீ லாயக்கு!"

தன் விரல் அமுக்கிய பாஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தூ! இதெல்லாம் ஒரு முதலாளி.

சாயங்காலம் குடோனில் பழனிமுத்து அதே வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோல் அடுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று முதலாளியின் முட்டாள்தனத்தைப் புட்டுப்புட்டு வைத்தேன். முதல் போனிலேயே ரேடியோ பின்தங்கிவிட்டதை, பாஸ் எப்படி வேலை செய்கிறது என்பதை, எல்லாவற்றையும்.

அவன் சிரிக்கவில்லை.

"அப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா மாஸ்டர்?"

"தெரியாம என்ன?"



"மொதலாளிக்காச்சும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த ரோலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனான்.