கோல்மன் வீட்டார் உட்காருவதில்லை

சுழல் நாற்காலியில் உட்கார எஸ்ரா கோல்மன் மறுத்துவிட்டார். சாய்ந்தால் பின்னால் போகிற ஆசனத்தில் இருந்துகொண்டு சத்தியம் செய்வது அவருக்குச் சரியாகப் படவில்லை. வக்கீல் அலுவலகத்துப் பெண் எங்கிருந்தோ ஒரு மர நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அதன் முதுகில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது கையை உயர்த்தி, உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லமாட்டேன் என்றார். எதிரே சிவப்புப் புள்ளி எரியும் கேமரா. மேசை ஓரத்தில் எல்லாவற்றையும் தட்டச்சு செய்ய ஒரு பெண். பக்கத்துச் சுழல் நாற்காலியில் மனைவி வெர்டா, தேவாலயத்துக்குப் போடும் கருநீலத் தொப்பியோடு.

கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் சாட்சிகளைக் கேட்டுப் பதிவு செய்யும் நாள் அது. பல்கலைக்கழக ஃபுட்பால் அணியில் சேர்ந்த ஏழாவது வாரம், ஜார்ஜியாவின் ஜூலை வெயிலில், பன்னிரண்டாவது ஓட்டத்தில் அவர்கள் மகன் டேரியன் விழுந்து செத்தான். உடம்பைத் தயார் செய்துகொள்ளாமல் வந்த பையன் என்று கோச் பேட்டி கொடுத்தார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த வழக்கு. சமாதானமாகப் போகலாம் என்று இரண்டு முறை ஆள் வந்தது. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்த எஸ்ரா இரண்டு முறையும் கதவைத் திறந்து பிடித்து வழியனுப்பினார். என் மகன் சோம்பேறி இல்லை என்று ஒரு நீதிபதி வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தின் வக்கீல் பென்ரோஸ் மிகவும் மரியாதையான ஆள். ஒரு தாளை மேசையில் மெல்லத் தள்ளினார்.

"இது உங்க கையெழுத்துதானே ஐயா?"

"ஆமா."

"நல்ல கையெழுத்து. இந்தக் காலத்துல யாரு இப்படி எழுதுறா?"

அணியில் சேரும் ஒவ்வொருவருக்கும் ரத்தம் எடுத்து, அணுக்கள் அரிவாள் போல வளைகிற பரம்பரைக் குறை உண்டா என்று பார்ப்பார்கள். வேண்டாம் என்றால் இந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். டேரியனுக்கு அப்போது பதினேழு வயது என்பதால் தகப்பன் போட வேண்டியிருந்தது. விடுதியிலிருந்து அவன் போன் செய்து கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஒரு சொட்டு ரத்தம்தாம்பா. கொசு இதவிட அதிகமா குடிக்கும்." இவர் சிரிக்கவில்லை. "நம்ம ரத்தத்துல யாரும் குறை தேட வேண்டியதில்ல. தாளை அனுப்பு" என்றார்.

பிணப் பரிசோதனையில் அந்தக் குறை இருந்தது, பாதி அளவில்; தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தது. வீட்டில் சும்மா இருந்தால் ஒன்றும் செய்யாது; வெயிலில் நிறுத்தாமல் ஓடினால் கொல்லலாம். வெர்டா பரிசோதித்துக்கொண்டாள். அவளிடம் இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"உங்களுக்கு ஒடெஸான்னு ஒரு தங்கச்சி இருந்தாங்களா?"

"இருந்தா."

"எப்படி இறந்தாங்க?"

ஒடெஸாவுக்குப் பதினோரு வயது. முழங்கால்களைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் கத்தினாள். நான்காம் நாள் கல்லறையிலிருந்து திரும்பும்போது அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தி, பன்னிரண்டு வயது எஸ்ராவின் தாடையைப் பிடித்துத் திருப்பினார். "எவன் கேட்டாலும் நிமோனியா. உங்க அக்காங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகணும்." அக்காமார் இருவருக்கும் நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. இருவரும் போய்ச் சேர்ந்தும் விட்டார்கள். அந்த வார்த்தையை அவர் வெர்டாவிடம்கூட மாற்றிச் சொன்னதில்லை.

"நிமோனியா" என்றார் எஸ்ரா.

"நிச்சயமா?"

"நான் பொய் சொல்றவன் இல்ல."

"பதிவுல இருக்கட்டும்" என்றார் பென்ரோஸ், தட்டச்சுப் பெண்ணைப் பார்த்து. பிறகு இன்னொரு தாளை எடுத்தார். "அன்னைக்கு மைதானத்துல முதலுதவிக்கு நின்ன பொண்ணோட வாக்குமூலம். படிக்கிறேன். 'பதினோராவது ஓட்டம் முடிஞ்சதும் பையன் முட்டி போட்டுட்டான். கால் வலிக்குதுன்னான். ரத்தம் டெஸ்ட் பண்ணியிருக்கியான்னு கேட்டேன். எங்க குடும்பத்துல அது கிடையாது மேடம், அப்பா எழுதியே குடுத்துட்டாருன்னான். சரி, கொஞ்சம் உக்காருன்னேன். சிரிச்சான். கோல்மன் வீட்டு ஆளுங்க உக்கார மாட்டாங்க மேடம்னு சொல்லிட்டு எழுந்து ஓடினான்.'"

"அவ சம்பளம் வாங்குற எடம் அது! சொல்லிக்குடுத்ததச் சொல்லுவா!" என்று எஸ்ராவின் வக்கீல் மிஸ் ஆல்ஸ்டன் குறுக்கே பாய்ந்தாள்.

அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை யாராலும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது என்று எஸ்ராவுக்குத் தெரியும். ஆறு வயதில் பந்து பட்டு உதடு கிழிந்து புல்லில் உட்கார்ந்து அழுத பிள்ளையிடம் வேலிக்கு வெளியே நின்று அவர் சொன்னது அது. அதற்குப் பிறகு அவன் எந்த மைதானத்திலும் உட்காரவில்லை.

பென்ரோஸ் தன் கைக்கடியில் கவிழ்த்து வைத்திருந்த மூன்றாவது தாளைத் திருப்பினார். மாவட்ட அலுவலகத்தின் முத்திரை. ஒடெஸாவின் மரணச் சான்றிதழ். காரணம் என்ற கட்டத்தில் நிமோனியா இல்லை, அரிவாள் அணு நோய் என்று இருந்தது. எஸ்ராவிடம் நீட்டாமல் அதை மேசை நடுவில் வைத்தார். அதைக் கையில் எடுத்தது வெர்டா. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக, மளிகைச் சீட்டைச் சரிபார்ப்பது போலப் படித்தாள். வெளியார் முன்னால் முப்பத்துநான்கு வருஷமாக அவள் அவரை மிஸ்டர் கோல்மன் என்றுதான் அழைத்து வந்திருக்கிறாள்.

"எஸ்ரா," என்றாள். "புள்ள ஒனக்கு போன் பண்ணானா?"

"வெர்டா, இப்ப வேண்டாம்."

"கேக்கிறேன்ல. கையெழுத்து போடறதுக்கு முன்னால, டெஸ்ட் பண்ணிக்கிடட்டுமான்னு கேட்டானா?"

"இடைவேளை எடுத்துக்கலாம்" என்று மிஸ் ஆல்ஸ்டன் அவசரமாக எழுந்தாள். பென்ரோஸும் எழுந்தார். வெர்டா தாளை மடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

ஒரு பெண் எழுந்தால் எஸ்ராவும் எழுந்து நிற்பார். அது அவர் ஒரு நாளும் தவறாத வழக்கம். இப்போதும் இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றினார். முழங்கால்கள் நிமிரவில்லை. காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முதுகு நாற்காலியில் பட்டது. வெர்டா வெளியே போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. கேமராவின் சிவப்புப் புள்ளியை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. தட்டச்சுப் பெண் விரல்களைப் பொத்தான்களுக்கு மேலே தூக்கி வைத்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெர்டாவின் காலி நாற்காலி மெதுவாகச் சுற்றி, முதுகை அவருக்குக் காட்டி நின்றது.