கைக்குத் தெரியாத ஈரம்

நாற்றுத் தட்டின் ஓரத்தில் விதை முளைக்காத ஒரு குழியிலிருந்து தேங்காய் நார்த்தூளைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து இறுக்கினாள் லிபியா. விரலிடுக்கில் சொட்டினால் ஈரம் அதிகம். பிடி உதிர்ந்துபோனால் குறைவு. இரண்டும் இல்லாமல் ஜில்லென்று இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். இப்போது ஜில்லென்று இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. விரல்கள் மரத்துப்போய்ப் பல நாளாயிற்று. இறுக்கும் பலமும் போய்விட்டதால் சொட்ட வேண்டியதும் சொட்டவில்லை. எதிரே நர்சரிக்காரி நஞ்சம்மா இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். தூளின் மேற்பரப்பு வெளுத்துக் கிடந்தது. அந்த வெளுப்பை நம்பி, இன்னும் கொஞ்சம் விடலாம் என்று சொல்லிவிட்டு ஹோஸைத் திருப்பினாள் லிபியா.

அவளுடைய ஊர் நாகர்கோவில் பக்கம். அங்கே தேங்காய்த் தும்பு ஆலைகளுக்குப் பின்னால் இந்தத் தூள் குன்றுகுன்றாகக் கிடக்கும், சீந்த ஆள் இருக்காது. அதையே இங்கே அலசிக் காயவைத்து, கோகோபீட் என்று பெயரும் வைத்து விற்கிறார்கள் என்று அறிந்தபோது அவளுக்குச் சிரிப்பாக வந்தது. தேங்காய் ஊர்க்காரி என்ற ஒரே தகுதியைப் பார்த்துத்தான் நஞ்சம்மா தேன்கனிக்கோட்டை ரோட்டிலிருக்கும் தன் நர்சரியில் தண்ணீர் விடும் வேலையைக் கொடுத்தாள். ஊரில் தேங்காய் உரித்ததைத் தவிர லிபியா வேறொன்றும் செய்ததில்லை. ஆனாலும் கற்றுக்கொண்டாள். ஈரம் பார்ப்பதில் அவள் கை தப்பாது என்று பேர் வாங்கிவிட்டாள்.

அதற்கு முன்பு ஓசூரில் ஒரு கம்பெனியில் சின்னச் சின்ன ஸ்க்ரூ மாட்டிக்கொண்டிருந்தாள். கையிலிருந்து ஸ்க்ரூ நழுவ ஆரம்பித்தது. சூப்பர்வைசர் முதலில் திட்டினார், அப்புறம் வரவேண்டாம் என்றார். அப்போது விரல்நுனி மட்டும்தான் மரத்திருந்தது. போன வாரம் தோசைக்கல்லில் விரல் பட்டது தீய்ந்த வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. கணவன் கிங்ஸ்டன் கொப்புளத்தைப் பார்த்துக் கேட்டதற்கு எண்ணெய் தெறித்ததாகச் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் சர்க்கரை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். சர்க்கரை அவள் அப்பாவின் விரலைத் தின்றது, பிறகு காலையும் தின்றது. பெயர் தெரியாதவரை அது வெறும் மரத்துப்போதல்தானே என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு காலம் தள்ளினாள்.

நர்சரியில் வளர்ந்துகொண்டிருந்தது விவசாயி கரியப்பன் கேட்ட மிளகாய் நாற்று. காட்டோரத்தில் அவன் நிலம். போன வருஷம் ராகியை யானை மேய்ந்துவிட்டது, மிளகாயைத் தொடாது என்று நம்பி இதைக் கேட்டிருந்தான். தண்ணீர் விட்ட மறுநாள் காலையில் தட்டுகளை மூடியிருந்த சாக்கை லிபியா விலக்கினாள். மூன்று வரிசை நாற்று அடித்தண்டு கறுத்து, தலைசாய்ந்து படுத்திருந்தது.

கோபம் வந்தால் நஞ்சம்மாவுக்குக் கன்னடம் வந்துவிடும். போனை எடுத்துப் பெரியதம்பியைக் கன்னடத்திலேயே வாங்கு வாங்கென்று வாங்கினாள். காவேரிப்பட்டணம் பக்கம் களம் வைத்து இந்த நார்த்தூளை அனுப்பும் அவனுக்குக் கன்னடம் சுத்தமாக வராது. ஆனாலும் விஷயம் புரிந்திருக்க வேண்டும், மத்தியானத்துக்குள் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினான். தூளைச் சரியாக அலசவில்லை, உப்பு நின்றுவிட்டது, நாற்று வெந்துவிட்டது, இனி உன் சரக்கே வேண்டாம் என்று நஞ்சம்மா முடித்துவிட்டாள். கிணற்றில் தண்ணீர் இல்லாமல் டேங்கர் வைத்து அலசினதாகச் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. அவன் தூளில் ஒரு சிட்டிகையை எடுத்து நாக்கில் வைத்தான். நஞ்சம்மாவிடமும் நீட்டினான். அவளும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு இருக்குதுங்களா?"

நஞ்சம்மா உப்பில்லாத தூளைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். பெரியதம்பி ஒரு குழியிலிருந்த தூளை அப்படியே பிடுங்கிப் பிழிந்தான். தண்ணீர் முழங்கை வரை வழிந்தது.

"தண்ணி யாருங்க உடறது?"

"அதெல்லாம் எங்க லிபியா கை தப்பாது," என்றாள் நஞ்சம்மா. "உன் சரக்குலதான் ஏதோ கோளாறு. எடுத்துட்டுப் போ."

அவன் மேற்கொண்டு வாதாடவில்லை. கட்டு பிரிக்காத மூட்டைகளை ஒவ்வொன்றாக முதுகில் ஏற்றி ஆட்டோவுக்குக் கொண்டுபோனான். லிபியா ஹோஸைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை தப்பிக்கும். கையின் கதையும் யாருக்கும் தெரியாது. எங்க லிபியா என்று சொன்னதுதான் அவளை அறுத்தது. நாலாவது மூட்டைக்கு அவன் குனிந்தபோது அவளால் முடியவில்லை.

"அவரு மேல தப்பில்லக்கா. எனக்க கைக்கு ஈரம் தெரியல்ல. கொஞ்ச நாளாவே தெரியல்ல."

நஞ்சம்மா அவள் கையைப் பிடித்து விரித்தாள். அந்தப் பக்கம் திரும்பிக்கொள் என்றாள். லிபியா திரும்பிக்கொண்டு காத்திருந்தாள், இன்னும் ஏன் தொடவில்லை என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தபோது நஞ்சம்மாவின் நகம் அவள் ஆட்காட்டி விரலில் ஆழமாகப் பதிந்திருந்தது. கோபத்தில் வரும் கன்னடம் இப்போது வரவில்லை, அதுதான் லிபியாவுக்கு இன்னும் பயமாக இருந்தது. முதுகில் மூட்டையோடு பெரியதம்பி நின்ற இடத்திலேயே நின்றான்.

"அத எறக்கி வையி," என்றாள் நஞ்சம்மா அவனிடம். பிறகு லிபியாவின் கையிலிருந்த ஹோஸை வாங்கிக்கொண்டு, தப்பிப் பிழைத்த வரிசைகளின் பக்கம் போனாள். தண்ணீர் விட்டு அவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. "மேல எல்லாம் காஞ்சி கெடக்குதே," என்று சொல்லிக்கொண்டே ஹோஸின் திருகு பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

இனிமேல் அது தன் வேலையா இல்லையா என்று லிபியாவுக்குத் தெரியாது. இருந்தும் ஓடிப்போய் அந்தத் தட்டிலிருந்து ஒரு கிள்ளு எடுத்தாள். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தத் தூளைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். குளிர்ச்சி சுரீரென்று கண் வரைக்கும் ஏறியது.

"விடாதீங்கக்கா. உள்ள ஈரமிருக்கு."

அவள் கன்னத்தில் தூள் அப்பிக்கொண்டிருந்தது. நஞ்சம்மா அதையே பார்த்தாள். திருகின் மேல் வைத்த கை அங்கேயே நின்றது. ஹோஸின் வாயிலிருந்து பழைய தண்ணீர் சொட்டுச்சொட்டாக அவர்கள் இருவரின் காலடி மண்ணில் விழுந்துகொண்டிருந்தது.