ஸ்டாம்ப் இல்லாத புத்தகம்

வாசிப்பு தினத்தன்று காலையில் பள்ளிக்கூட ஹாலுக்குள் நுழைந்த கோமதி டீச்சர், மேடைப் பக்கம் நின்ற மரத்தைப் பார்த்து, நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தார். காய்ந்த கொம்பு ஒன்றை சிமென்ட் சட்டியில் நட்டு, கிளை முழுக்கக் காகித இலைகளைக் கட்டியிருந்தார்கள். கிட்டப் போய் ஒரு இலையைத் திருப்பினார். இங்கிலீஷ் எழுத்து. அப்பன் விற்றுவிட்ட கோவேறு கழுதையைத் தேடி ஒரு பெண் பனிமலை ஏறுகிற வரி, பாதியில் கத்தரித்திருந்தது.

அடுத்த இலையும் அதே கதை. காது இரண்டும் சூடேறிவிட்டது.

அது அவருடைய புத்தகம். உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் எடுத்தது. பஸ்ஸில் நின்றபடியே படித்து, இறங்கவேண்டிய ஸ்டாப்பைக் கோட்டைவிட்டு, வெயிலில் திரும்பி நடக்கவைத்த புத்தகம். போன வருஷம் எட்டாவதில் ஆரம்பித்தார். தினமும் கொஞ்சம் வாசிப்பார். ஒரு பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் எழுந்து நின்று வாசிக்கும். இப்போது அதே பிள்ளைகள் ஒன்பதாவது. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி.

கேரள எல்லையில் வேலந்தாவளம் சந்தைக்கு மாடு ஓட்டுகிற வீட்டுப் பிள்ளைகள். விற்ற உருப்படி திரும்பி வருமா என்று வகுப்பில் ஒரு நாள் சண்டையே நடந்தது. மாட்டு யாவாரி ஆறுச்சாமியின் மகள் மௌனிகா, இங்கிலீஷ் பீரியடில் வாயே திறக்காதவள், அன்றைக்கு எழுந்தாள்.

"வராதுங்க டீச்சர். வாங்குனவன் கவுறு மாத்திப்போட்டா அது அவனுதுங்க. பழைய கவுற நாம கையில புடிச்சுட்டு ஊட்டுக்கு வரோணும், அவ்வளவுதான். அப்பறம் ஏனுங்க அந்தப் புள்ள தேடிட்டு இருக்குது? முடிவு என்னங்க?"

"சொல்லமாட்டேன். படிச்சுத் தெரிஞ்சுக்கோ."

அந்த முடிவுக்காகவே மௌனிகா எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். அந்த முடிவுதான் இப்போது கொம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரு இத வெட்டினது?"

ஏணிமேல் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்த ஜிஸ்மி டீச்சர் சிரித்தபடி திரும்பினாள். மலையாளம் எடுக்க இந்த வருஷம்தான் வந்தவள். "நானும் பத்தாம் கிளாஸ் குட்டிகளும், டீச்சரே. கொள்ளாமோ, நல்லாருக்கா?"

"அது என்ற புஸ்தகம்."

சிரிப்பு போய்விட்டது. "அய்யோ! ஸ்டாம்ப் ஒண்ணும் இல்லாயிருந்துச்சு டீச்சரே. ஸ்டாம்ப் இல்லாத பழசெல்லாம் வெட்டிக்கோன்னு எச்.எம். பறஞ்சாரு."

இந்தப் பள்ளியில் லைப்ரரி ஸ்டாம்ப் குத்திய புத்தகம் அலமாரியை விட்டு வெளியே வராது. தொலைந்தால் வாத்தியார் தலையில் விழும், ரிட்டயர் ஆகும்போது பென்ஷன் இழுத்தடிக்கும் என்று பயம். அதனால் பூட்டியே வைத்திருப்பார்கள். அதற்காகத்தான் கோமதி தன் புத்தகங்களில் ஸ்டாம்ப் வேண்டாமென்று, வகுப்பு ஜன்னலோரம் அடுக்கியிருந்தார். பிள்ளைகள் கேட்காமல் எடுக்கட்டும் என்று. கத்தரிக்கோலும் கேட்காமல் எடுத்துவிட்டது.

தலைமையாசிரியர் பூபதிராஜா வாசலில் பூச்செண்டோடு நின்றார்.

"ஏனுங்க சார், புஸ்தகத்த வெட்டியா வாசிப்பு தினம் கொண்டாடறது?"

"கத்தாதீங்க டீச்சர், ஆபீசர் வண்டி வந்துட்டுது. பழைய பேப்பர்தானுங்களே? எடைக்குப் போடறது."

"உங்கூட்டு நெலப் பத்திரங்கூடத்தான் பழைய பேப்பரு. குடுங்க, நாலு இலை வெட்டிக்கறேன்."

அவர் முகம் சுருங்கியது. "ஸ்டாம்ப் வெக்காதது உங்க தப்புதானுங்களே?"

அதில் பாதி உண்மை இருந்ததால்தான் கோமதிக்கு இன்னும் எரிந்தது.

விழா தொடங்கியது. கல்வி அதிகாரி விளக்கேற்றி, புத்தகத்துக்கு உயிர் உண்டு என்று பேச ஆரம்பித்தார். கோமதி எழுந்தார். மரத்தருகே போய் ஒரு இலையைப் பிய்த்தார். இன்னொன்று. மௌனிகா ஓடிவந்தாள்.

"என்னங்க டீச்சர் பண்றீங்க?"

"கடைசி அத்தியாயம் தேடறேன்."

அவ்வளவுதான். ஒன்பதாவது மொத்தமும் எழுந்து வந்து மரத்தைச் சூழ்ந்துவிட்டது.

"டேய், பக்க நெம்பரப் பாருங்கடா!"

"எங்கடா பாக்கறது? மூலையத்தான் வெட்டிப்போட்டாங்களே!"

அதிகாரி கை தட்டினார். "இது கொள்ளாம்! குட்டிகள் மரத்துல பறிச்சு வாசிக்குதுகளே! ஐடியா யாரோடது?"

"நம்ம ஸ்கூலோட தனி ஐட்டமுங்க சார்" என்றார் பூபதிராஜா, பல்லெல்லாம் தெரிய.

கோமதி பிய்த்த இலைகளோடு திரும்பினார். "ஐட்டம் இல்லீங்க சார். இது என்ற புஸ்தகம். ஸ்டாம்ப் இல்லைன்னு கண்டதுண்டமா வெட்டிப்போட்டாங்க. ஸ்டாம்ப் இருக்கறது பூரா அலமாரில பூட்டிக் கெடக்குது, ஒரு புள்ள தொட்டதில்ல. சாவி குடுக்கச் சொல்லுங்க. வாசிப்பு தினந்தானுங்களே?"

அதிகாரி தலைமையாசிரியரைப் பார்த்தார். பூபதிராஜா சட்டைப் பையைத் தடவி, சாவியை எடுத்துக் கோமதியிடம் நீட்டினார்.

மௌனிகா ஓர் இலையோடு நின்றாள். "டீச்சர், கழுத ஒரு வாசல்ல நிக்குதுங்க. கழுத்துல என்ன கவுறுன்னு தெரியல, வெட்டிட்டாங்க. நீங்களே சொல்லிப்போடுங்க."

"மாட்டேன்."

அப்போது ஜிஸ்மி ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. "வெட்டின மிச்சம், டீச்சரே. களயல, தூரப் போடல."

"கொட்டு" என்றார் கோமதி. மன்னித்ததாகச் சொல்லவில்லை. "நீயும் ஒக்காந்து தேடு."

தரையெல்லாம் காகிதத் துண்டு. மேடையில் பேச்சு தொடர்ந்தது, கேட்கத்தான் ஆளில்லை. பிள்ளைகள் இலையோடு துண்டை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்றியுரையின் நடுவில் மௌனிகா கத்தினாள்.

"டீச்சர்! கவுறு மாத்தலீங்க! அதே பழைய கவுறுங்க!"

கோமதி தலையை மட்டும் ஆட்டினார்.

அதிகாரியின் வண்டி கிளம்பியதும் பூபதிராஜா வந்து கை நீட்டினார். "சாவி, டீச்சர்."

கோமதி சாவியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஸ்டாம்ப் இல்லீங்களே சார்" என்று சொல்லி, இடுப்பில் செருகிக்கொண்டு வகுப்புக்குப் போனார்.